ஜெனீவாவில் ஒரு முறையீடு: சிங்கராசா வழக்கும் பூந்தமல்லியின் கேள்வியும்

குடிமகன் ஒருவன் தன் அரசின் மீது குறை கூறும்போது, அக்குறையை அந்த அரசின் நீதிமன்றங்கள் செவிமடுக்க மறுத்துவிட்டால், அதன்பின் அவன் எங்கே செல்வது? இவ்வினாவிற்கு ஐரோப்பாவில் விடை இருக்கிறது. ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தன் உறுப்பு நாடுகள் மீது தனிமனிதர் தொடுக்கும் முறையீடுகளை விசாரித்துத் தீர்ப்பளிக்கிறது. அத்தீர்ப்பு அந்நாடுகளைக் கட்டுப்படுத்தும். அமெரிக்கக் கண்டங்களுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இத்தகைய நீதிமன்றங்கள் உள்ளன. ஆசியாவிற்கு மட்டும் இல்லை. உலக மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் வாழும் கண்டத்தில், அரசுக்கு எதிரான முறையீட்டைக் கேட்கும் பிராந்திய நீதிமன்றம் ஒன்றுகூட எழவில்லை என்பது நம் காலத்தின் அரசியல் எழுத்தில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

ஆகவே ஆசியர் ஒருவருக்கு எஞ்சியிருப்பது ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைக் குழுவே. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் கீழ் அமைந்த பதினெட்டு வல்லுநர் கொண்ட குழு இது. பெயர் ஒத்திருப்பதால் அரசுகளின் பிரதிநிதிகள் அமரும் மனித உரிமைப் பேரவையோடு இதனைப் பலரும் குழப்பிக்கொள்கின்றனர். நாளிதழ்களும் அக்குழப்பத்திற்கு விதிவிலக்கல்ல. பேரவை அரசுகளின் மேடை. குழுவோ தனிமனிதத் தகுதியில் தெரிவு செய்யப்படும் சட்ட அறிஞர்களின் அவை. 1966 டிசம்பர் 16 அன்று ஏற்கப்பட்டு 1976 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அவ்வுடன்படிக்கையில் கையொப்பமிட்டாலே அதன் முன் முறையிடும் உரிமை குடிமக்களுக்குக் கிட்டிவிடுவதில்லை. தனியே அமைந்த விருப்ப நெறிமுறை ஒன்றையும் அந்நாடு ஏற்றிருக்க வேண்டும். இலங்கை உடன்படிக்கையை 1980 ஜூன் 11இலும், விருப்ப நெறிமுறையை 1997 அக்டோபர் 3இலும் ஏற்றது. இந்தியா 1979 ஏப்ரல் 10இல் உடன்படிக்கையில் இணைந்தது. விருப்ப நெறிமுறையை இன்றுவரை ஏற்கவில்லை.

இவ்வேறுபாட்டை ஏட்டளவிலானது என்று கருதுவோர் இரண்டு இடங்களை மனத்தில் நிறுத்திப் பார்க்கட்டும். ஒன்று மட்டக்களப்பு. மற்றொன்று நம் சென்னையின் மேற்குப் புறத்திலுள்ள பூந்தமல்லி.

முதலில் மட்டக்களப்பு. நல்லரத்தினம் சிங்கராசா என்பவர் 1993 ஜூலை 16 அன்று விடியற்காலையில் தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தபோது இலங்கைப் படையினரால் கைது செய்யப்பட்டார். அன்று அவ்வூரைச் சுற்றி வளைத்துப் பிடிக்கப்பட்ட தமிழ் ஆண்கள் ஏறத்தாழ நூற்றைம்பது பேர். கொம்மாதுறை இராணுவ முகாமுக்கும், பின்னர் மட்டக்களப்புச் சிறைக்கும் அவர் கொண்டு செல்லப்பட்டார். தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தப்பட்டதாகவும், கண்கள் கட்டப்பட்டுக் குப்புறக் கிடத்தி அடிக்கப்பட்டதாகவும் அவர் பின்னாளில் கூறினார். அவ்வாண்டு டிசம்பரில் காவல்துறை உதவிக் கண்காணிப்பாளர் ஒருவர் முன்னிலையில் அவரது ஒப்புதல் வாக்குமூலம் பதிவாயிற்று. தமிழ் மட்டுமே அறிந்த அவருக்கும் அதிகாரிக்கும் இடையே மொழிபெயர்த்தவர் ஒரு காவலர். வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தவரும் அதே காவலர்தாம். சிங்களத்தில் அமைந்த அத்தாளில் தம்முடைய பெருவிரல் ரேகையைப் பதிக்கத் தாம் கட்டாயப்படுத்தப்பட்டதாக அவர் முறையிட்டார்.

அந்தத் தாளைத் தவிர வழக்கில் வேறு சான்று இல்லை. யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு ஆகிய முகாம்களைத் தாக்கியதாகவும் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகவும் ஐந்து குற்றச்சாட்டுகள். 1995 செப்டம்பர் 29இல் அவர் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். தண்டனை ஐம்பதாண்டுச் சிறை. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999 ஜூலை 6இல் அதனை முப்பத்தைந்தாகக் குறைத்தது. 2000 ஜனவரி 28இல் உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டிற்கு அனுமதி மறுத்தது. (இலங்கைத் தமிழில் 'உயர் நீதிமன்றம்' எனப்படுவதே நாம் உச்ச நீதிமன்றம் என்பது, வாசகர் குழம்பாதிருக்க நம் வழக்கையே இக்கட்டுரையில் கையாள்கிறோம்.)

இவ்வழக்கின் உயிர்நாடி இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் இருக்கிறது. தற்காலிகமாக இயற்றப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டம் அது. பொதுச் சட்டத்தின்படி காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் சான்றாகாது. 16ஆம் பிரிவோ உதவிக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்ததை ஏற்கச் சொல்கிறது. அத்தோடு நில்லாமல், அவ்வாக்குமூலம் அச்சுறுத்திப் பெறப்பட்டது என்று மெய்ப்பிக்கும் சுமையையும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலேயே ஏற்றுகிறது. பூட்டிய அறையில் நடந்ததற்கு அடிபட்டவரே சாட்சி கொண்டுவர வேண்டும் என்பதே இதன் பொருள். சிங்கராசாவின் முதுகில் தழும்புகளையும், பார்வையை நிலையாகக் குறைத்துவிட்ட இடக்கண் காயத்தையும் மருத்துவ அறிக்கை பதிவு செய்திருந்தும், வதைக்கப்பட்டதை அவர் மெய்ப்பிக்கவில்லை என்றே நீதிமன்றங்கள் முடிவு செய்தன.

2001 ஜூனில் முறையீடு ஜெனீவா சென்றது. குழு செயற்படும் விதத்தை ஈண்டுச் சற்று விரித்துரைப்பது பயனுடையது. ஏனெனில் 'சர்வதேச நீதி' என்னும் சொல்லைக் கேட்டவுடன் உயர்ந்த மேடையும் அங்கியணிந்த நீதிபதிகளும் வாதப்பிரதிவாதமும் நம் கற்பனையில் விரிகின்றன. அவற்றுள் எதுவும் அங்கில்லை. முறையீடு எழுத்தில் வருகிறது, கட்டணம் இல்லை. குழு அதனை அரசுக்கு அனுப்புகிறது. பதிலளிக்க அரசுக்கு ஆறு மாத அவகாசம். அப்பதிலுக்கு முறையீட்டாளர் மறுமொழி தருகிறார். சாட்சிகள் அழைக்கப்படுவதில்லை, மூடிய கதவுகளுக்குப் பின்னே காகிதங்களை வைத்தே குழு கலந்தாய்கிறது. குழு உறுப்பினர் முழுநேர நீதிபதிகளும் அல்லர். ஆண்டுக்குச் சில வாரங்கள் கூடுவோரே.

குறையின் உள்ளீட்டைத் தொடுமுன் வாயிற்படிகள் சில உண்டு. பெயரற்ற முறையீடு ஏற்கப்படாது. அதே விவகாரம் வேறொரு சர்வதேச அமைப்பின் விசாரணையில் இருத்தல் கூடாது. உள்நாட்டில் கிடைக்கும் பரிகாரங்கள் அனைத்தும் தேடி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். நிகழ்வு, விருப்ப நெறிமுறை அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தபின் நிகழ்ந்ததாக இருக்க வேண்டும். இக்கடைசிப் படியில் சிங்கராசாவின் முறையீடு இடறி விழுந்திருக்கக் கூடும். கைது 1993, தண்டனை 1995. நெறிமுறை நடைமுறைக்கு வந்ததோ 1998 ஜனவரியில். எனினும் மேன்முறையீட்டுத் தீர்ப்பும் உச்ச நீதிமன்றத்தின் மறுப்பும் அதன்பின் நிகழ்ந்தவை. முந்தைய தவறை அவை உறுதி செய்தமையால் முறையீடு ஏற்கத்தக்கதே என்று குழு கொண்டது. திருகோணமலையில் 1990இல் இராணுவம் அழைத்துச் சென்று காணாமற்போன ஒருவரின் தந்தை தொடுத்த சர்மா வழக்கிலும், 2003இல் குழு இத்தகைய அகன்ற பார்வையையே மேற்கொண்டது. காணாமலாக்கப்படுதல் ஒரு நாளில் முடிந்துபோகும் செயலன்று, அது தொடர்கிறது என்பது அங்கே கொண்ட நிலைப்பாடு. காத்திருக்கும் பெற்றோரின் வேதனையே ஓர் உரிமை மீறல் என்றும் அதில் ஏற்கப்பட்டது.

2004 ஜூலை 21இல் குழு தன் கருத்தை வெளியிட்டது. நம் நோக்கில் அதன் சிறப்பு அது எதைச் சொல்லிற்று என்பதைக் காட்டிலும் எந்த வழியில் சொல்லிற்று என்பதில் இருக்கிறது. உள்நாட்டு நீதிமன்றங்கள் எடைபோட்ட சான்றுகளைத் தான் மீண்டும் எடைபோடுவதில்லை என்பது குழுவின் நெடுநாளைய கொள்கை. அப்படியானால் சிங்கராசா வதைக்கப்பட்டாரா என்னும் வினாவிற்குள் அது எவ்வாறு நுழையும்? நுழையவில்லை. பக்கத்துக் கதவைத் திறந்தது. வதை நடந்ததா என்று ஆராய்வதை விடுத்து, நடக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் கடமை யாருக்குரியது என்று கேட்டது. ஒருவன் தனக்கெதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்னும் உரிமையினுள்ளேயே, ஒப்புதல் மனமுவந்து அளிக்கப்பட்டது என்று அரசுத் தரப்பே மெய்ப்பிக்க வேண்டும் என்ற கடமையும் அடங்கியிருக்கிறது என்றது. சிறிய ஐயத்தை எழுப்பினாலே போதும், சுமை இலகுவானதுதான் என்று இலங்கை அரசு வாதிட்டது. சுமை இலகுவாயினும் அது தவறான தோளில் இருக்கிறதே என்பது குழுவின் மறுமொழி.

மொழிபெயர்ப்பாளர் விடயத்திலும் இதே நுட்பம் தென்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் பெறும் உரிமை நீதிமன்ற விசாரணைக்கே உரியது, காவல் நிலையத்திற்கு அன்று என்று முதலில் ஒப்புக்கொண்டது குழு. அடுத்த மூச்சிலேயே, இரு விசாரணை அதிகாரிகள் மட்டும் இருந்த அறையில், அவர்களுள் ஒருவரே மொழிபெயர்த்துத் தட்டச்சும் செய்த வாக்குமூலத்தை மட்டும் நம்பி ஒருவரைத் தண்டிப்பது நியாயமான விசாரணை ஆகாது என்றது. மேன்முறையீடுகள் 2000 ஜனவரி வரை இழுபட்டமைக்கும் அரசு விளக்கம் தரவில்லை எனக் கண்டது. முடிவாக, விடுதலை அல்லது மறுவிசாரணை, அத்தோடு இழப்பீடு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் குறிப்பிட்ட பிரிவுகளை உடன்படிக்கைக்கு இயைபாகத் திருத்தல் வேண்டும் என்றும் கூறியது.

இது நல்ல தீர்ப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலவில்லை. 'விடுதலை அல்லது மறுவிசாரணை' என்று இரண்டு கதவுகளைத் திறந்துவைத்தமை, எதனுள்ளும் நுழையாதிருக்கும் வசதியை அரசுக்கு அளித்துவிட்டது. ஒரே சான்று செல்லாது எனில் மறுவிசாரணையில் எதை வைத்து விசாரிப்பது? விடுதலை ஒன்றே தருக்கப்படி எஞ்சும் முடிவு. குழு அதனைச் சொல்லத் தயங்கியிருக்கிறது. தன் சொல்லுக்குப் பின்னே வலிமை இல்லாத அமைப்பு, மறுக்கப்படுவோமோ என்ற அச்சத்தில் தன் சொல்லையே மென்மையாக்கிக்கொள்ளும் இயல்பு இதில் வெளிப்படுகிறது என்றே நாம் கருதுகிறோம்.

அந்த மென்மையும் பயன்படவில்லை. குழுவின் கருத்தை ஆதாரமாகக் காட்டி, தம் தண்டனையை மீளாய்வு செய்யுமாறு சிங்கராசா இலங்கை உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தலைமை நீதியரசர் சரத் என். சில்வா 2006 செப்டம்பர் 15இல் அளித்த தீர்ப்பு அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. தள்ளுபடிக்குக் கூறப்பட்ட காரணமே வியப்பிற்குரியது. இலங்கையின் நீதித்துறை அதிகாரம் மக்களுடையது. அது அரசமைப்பு நிறுவிய நீதிமன்றங்கள் வழியாகவே செயற்படும். விருப்ப நெறிமுறையை ஏற்றதன் வாயிலாக 1997இல் குடியரசுத் தலைவர் அவ்வதிகாரத்தை ஜெனீவாவிலுள்ள குழுவிற்கு வழங்க முற்பட்டிருக்கிறார். எனவே அவ்வேற்பு அரசமைப்பிற்கு முரணானது, நாட்டிற்குள் சட்ட வலிமையற்றது என்பது தீர்ப்பின் சாரம்.

சர்வதேச உடன்படிக்கையை நாடாளுமன்றம் சட்டமாக்கினாலன்றி அது உள்நாட்டுச் சட்டமாகாது என்பது பல நாடுகளில் நிலவும் கொள்கையே. அதனை நாம் குறை கூறவில்லை. அக்கொள்கையின்படி, 'குழுவின் கருத்தை நிறைவேற்ற எமக்குச் சட்டம் இல்லை' என்று மட்டும் நீதிமன்றம் கூறியிருந்தால் அது வருந்தத்தக்க, எனினும் விளங்கிக்கொள்ளத்தக்க முடிவாக இருந்திருக்கும். நீதியரசர் அதனையும் கடந்து சென்றார். குழு செலுத்துவது நீதித்துறை அதிகாரம் என்றார். உலகின் ஏனைய பகுதிகளில் குழுவின் கருத்தை மதிக்காத அரசுகள் சொல்லும் காரணமோ இதற்கு நேர் எதிரானது: அது நீதிமன்றம் அன்று, அதன் கருத்து தீர்ப்பன்று, ஆகவே எம்மைக் கட்டுப்படுத்தாது. கொழும்பில் அது நீதிமன்றமாக இருப்பதால் செல்லாது. பிற தலைநகரங்களில் நீதிமன்றமாக இல்லாததால் செல்லாது. பின்னர் 2008இல் குழு தன் 33ஆம் பொதுக் குறிப்பில், தன் கருத்துகள் நீதித்துறைத் தீர்மானத்தின் முக்கியப் பண்புகள் சிலவற்றைக் கொண்டவை என்று விளக்கியது. இவ்விரு எதிர்வாதங்களின் நடுவே நிற்க அது தேடிக்கொண்ட குறுகிய இடம் அது.

குழு எந்தத் தண்டனையையும் நீக்கவில்லை. எந்தச் சிறைக்கதவையும் திறக்கவில்லை. இலங்கை அரசு தானே முன்வந்து ஏற்ற கடப்பாட்டை மீறியதா என்பதை மட்டுமே சொன்னது. அதனை நீதித்துறை அதிகாரம் என்று பெயரிட்டதுதான் 2006 தீர்ப்பின் அடிப்படைத் தவறு என்பது நம் முடிபு. விருப்ப நெறிமுறையிலிருந்து இலங்கை விலகவுமில்லை. ஆகவே ஜெனீவாவில் செல்லுபடியாகும் ஏற்பு, கொழும்பில் செல்லாக்காசாக நிற்கும் விந்தை நேர்ந்தது.

அத்தீர்ப்பின் பின்விளைவு ஒன்றை நம் வாசகர் குறிப்பாக அறிதல் வேண்டும். விமர்சனங்களுக்கு விடையாக இலங்கை 2007இல் 56ஆம் எண்ணுள்ள சட்டத்தை இயற்றி, உடன்படிக்கையின் சில உரிமைகளை உள்நாட்டுச் சட்டமாக்கியது. அதன் 3ஆம் பிரிவு மத, இன வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. சிறுபான்மையினரைக் காக்கவேண்டிய அப்பிரிவின் கீழ்தான் 2020 ஏப்ரலில் ரம்சி ராசிக் கைதானார். முஸ்லிம்களுக்கு எதிரான பரப்புரையை எழுதுகோலாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ள வேண்டும் என்று எழுதியதே அவர் மீதான குற்றச்சாட்டிற்கு அடிப்படை. மாதக்கணக்கில் சிறையிலிருந்தார், 2023 நவம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றமே அக்கைது அடிப்படை உரிமை மீறல் எனத் தீர்த்தது. 'நவரசம்' என்னும் கவிதை நூலை எழுதிய இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டு, 2021 டிசம்பரில் பிணை பெற்று, 2023 டிசம்பரில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். சிங்கராசாவைத் தண்டித்த 16ஆம் பிரிவு, அச்சட்டத்திற்கு 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்திலும் நீக்கப்படவில்லை. தொண்ணூறுகளில் தமிழருக்காக வைத்த வலை என்று கருதி வாளாவிருந்தோர், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் அதே வலை தம் வீட்டு முற்றத்திலும் விரிக்கப்பட்டதைக் கண்டனர்.

இனிப் பூந்தமல்லி. அம்பத்தூர், ஆவடிப் பக்கத்தில் வாழும் நம் வாசகர் பலருக்கு அவ்வூர் புறவழிச்சாலையின் ஒரு நிறுத்தம். தமிழகத்தின் நீதி வரலாற்றிலோ அதற்கு வேறொரு முகம் உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தடா சிறப்பு நீதிமன்றம் அங்கேதான் இயங்கிற்று. மூடிய கதவுகளுக்குள் நடந்த அவ்விசாரணையின் முடிவில் 1998 ஜனவரி 28 அன்று இருபத்தாறு பேருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பொடா வழக்குகளும் அங்கே விசாரிக்கப்பட்டன. ஈழத்தமிழரை, தண்டனை எதுவுமின்றி, வெளிநாட்டினர் சட்டத்தின் ஆணை ஒன்றினாலேயே அடைத்துவைத்த சிறப்பு முகாம் அங்குள்ள கிளைச்சிறையில் செயற்பட்டது. தேசியப் புலனாய்வு முகமை தொடுக்கும் வழக்குகள் பலவும் பூந்தமல்லிச் சிறப்பு நீதிமன்றத்திலேயே விசாரிக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் குற்றம் சாட்டப்பட்டோரின் பெயர்களை நம் சமுதாயம் நன்கறியும்.

தடாவின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளரிடம் அளிக்கும் ஒப்புதலைச் சான்றாக்கியது. இலங்கையின் 16ஆம் பிரிவுக்கு உடன்பிறப்பு அது. 1994 மார்ச்சில் கர்த்தார் சிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சில நெறிகளை வகுத்து அப்பிரிவைச் செல்லும் என்றது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு கிடையாது. நேரே உச்ச நீதிமன்றம், அதுவே முதலும் முடிவும். 1999 மே 11இல் அந்நீதிமன்றம் பத்தொன்பது பேரை விடுவித்து, நால்வருக்குத் தூக்கையும் மூவருக்கு ஆயுள் தண்டனையையும் விதித்தது. கொலை பயங்கரவாதச் செயல் என்னும் தடாக் குற்றச்சாட்டு நிற்காது என்று கூறிய அதே தீர்ப்பு, தடாவின் கீழ் பெற்ற வாக்குமூலங்களை மட்டும் நிற்கச் செய்தது. மரம் வெட்டுண்டது, அதன் கனி மட்டும் சான்றாக மேசையில் இருந்தது.

அந்நால்வருள் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி தியாகராஜன், பணி ஓய்வுக்குப் பின் 2013இல் ஓர் உண்மையை வெளியிட்டார். தாம் வாங்கிக்கொடுத்த மின்கலங்கள் எதற்காக என்று தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியதைத் தாம் பதிவு செய்யாமல் விட்டதாகச் சொன்னார். இதைச் சொல்ல இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. ஒப்புதல் உண்மையா என்று மெய்ப்பிக்கும் கடமை யாருக்கு என்று ஜெனீவா எழுப்பிய வினா, பூந்தமல்லியின் கோப்புகளுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை வாசகர் சிந்திக்கட்டும். ஆனால் பூந்தமல்லியிலிருந்து அவ்வினாவை ஜெனீவாவில் எழுப்ப வழியில்லை. பிரதமராக இருந்த ஒருவரோடு மேலும் பலர் உயிரிழந்த கொடுங்கொலை அது. குற்றத்தின் கடுமையை நாம் சிறிதும் குறைத்துரைக்கவில்லை. குற்றம் எவ்வளவு கொடிதோ அவ்வளவுக்குச் சான்று தூயதாக இருத்தல் வேண்டும் என்பதே நாம் சொல்வது.

இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பி.என். பகவதி, 1995 முதல் பல்லாண்டு அம்மனித உரிமைக் குழுவின் உறுப்பினராக இருந்தார் என்பதை ஈண்டு நினைவுகூர்வது தகும். பிற நாட்டுக் குடிமக்களின் முறையீட்டை ஆராய இந்தியர் ஒருவர் தகுதியுடையவர். இந்தியக் குடிமக்களின் முறையீட்டை ஆராய எவரும் தகுதியுடையவர் அல்லர் என்பதே நம் அரசின் நிலைப்பாடு போலும்!

இடம் மாறினால் நீதியும் மாறுவதற்கு மற்றொரு சான்று, ஐரோப்பா சென்ற ஈழத்தமிழர். பிரிட்டன் 1988இல் திருப்பியனுப்பிய ஐவரின் வில்வராஜா வழக்கில், 1991 அக்டோபர் 30இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் மீறல் எதுவும் இல்லை என்றது. அவர்களுள் சிலர் நாடு திரும்பியபின் துன்புறுத்தப்பட்டிருந்தும், பொதுவான ஆபத்து போதாது, அவரவர்க்கே உரிய ஆபத்தைக் காட்ட வேண்டும் என்ற அளவுகோல் அவர்களுக்கு எதிராக நின்றது. 2008 ஜூலை 17இல் பெயர் வெளியிடப்படாத தமிழர் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் தனித்தனி ஆபத்துக் கூறுகளைச் சேர்த்து எடைபோட்டு, அவரைத் திருப்பியனுப்புதல் தகாது என்றது. இடைக்கால ஆணைகள் வழியாக முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர் அக்காலத்தில் நாடுகடத்தலிலிருந்து தப்பினர். பிரிட்டன் முணுமுணுத்திருக்கலாம், ஆனால் பணிந்தது.

அரசனுக்கும் அவன் அலுவலர்க்கும் எதிரான குறைகளைக் கேட்க இஸ்லாமிய வரலாற்றில் 'மழாலிம்' மன்றம் இருந்ததை நம் வாசகர் அறிவர். ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தி, ஆட்சி விதிகள் பற்றிய தம் நூலில் அதற்கென ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறார். அம்மன்றத்தில் ஐந்து சாரார் இருந்தாக வேண்டும் என்கிறார்: காவலர், நீதிபதிகள், மார்க்கச் சட்ட அறிஞர், எழுத்தர், சாட்சிகள். நீதிபதிகளுக்கு முன்னே காவலரை அவர் வைத்ததன் பொருள் எண்ணத்தக்கது. முறையீட்டுக்குள்ளானவன் வலியவன், அவனை மன்றத்திற்கு இழுத்துவரும் வலிமை இல்லையேல் எஞ்சிய நால்வரும் வீற்றிருந்து என்ன பயன்? ஜெனீவாவில் அறிஞர் உளர், எழுத்தர் உளர். மாவர்தியின் முதற் சாரார் இலர். அவருக்கு இரண்டரை நூற்றாண்டு முன்னரே, கலீஃபா ஹாரூன் அல்ரஷீதுக்கு எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் காழி அபூ யூசுஃப், அடித்துப் பெற்ற ஒப்புதலைக் கொண்டு தண்டிக்கலாகாது என்று எடுத்துரைத்தார். 16ஆம் பிரிவையும் 15ஆம் பிரிவையும் வரைந்த இருபதாம் நூற்றாண்டு வரைவாளர் அவரினும் பிற்பட்டோர் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. எனினும் மழாலிம் மன்றத்தை இலட்சியமாக்கிப் பேசுவதும் தகாது. அரசன் விரும்பிய நாளில் கூடிற்று, விரும்பாதபோது கலைந்தது. விருப்ப நெறிமுறையின் பெயரிலுள்ள 'விருப்பம்' அன்றும் அரசனுடையதாகவே இருந்தது.

சிங்கராசாவுக்குப் பயன்படாத முறையீட்டு உரிமை இந்தியருக்கு மட்டும் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நாம் காணும் பயன் ஒன்றுண்டு. குழுவின் முன் அரசு ஆறு மாதத்திற்குள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்; 'இலேசான சுமைதான்' என்று இலங்கை சொன்னதைப் போல, தன் சட்டத்திற்கான நியாயத்தை அது வெளிப்படையாக எழுதித் தர வேண்டியிருக்கிறது. இந்தியா அத்தகைய பதிலை எந்தத் தனிமனிதருக்காகவும் எழுதியதில்லை. நாட்டறிக்கை என்னும் பொது ஆய்வுக்கு மட்டுமே அது உட்படுகிறது. அதுவும் 1997க்குப் பின் 2024 ஜூலையில்தான் மீண்டும் நிகழ்ந்தது. இருபத்தேழு ஆண்டு இடைவெளியில் தடா காலாவதியானதன் தடம் ஆறுமுன் பொடா வந்து, 2004இல் போனது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் திருத்தம் மேல் திருத்தம் பெற்றது. காவலரிடம் தரும் ஒப்புதலைச் சான்றாக்கும் பிரிவு அதில் இல்லை. பிணை கிடைப்பதை அரிதாக்கும் பிரிவு இருக்கிறது. விசாரணைக்கு முன்பே ஆண்டுகள் கழிந்துவிடுமாயின் ஒப்புதலின் தேவை குறைந்துவிடுகிறது போலும்.

நம் நீதிமன்றங்கள் கொழும்பைப் போலக் கதவடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உடன்படிக்கையில் இணைந்தபோது இந்தியா, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு பெறும் உரிமை இங்கில்லை என்று 9ஆம் பிரிவுக்கு ஒரு விலக்கு அறிவிப்பைச் சேர்த்தது. 1996 டிசம்பர் 18இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் கொடுமைகளுக்கு இழப்பீடு வழங்கும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றிவிட்டதால் அவ்விலக்கு பொருளிழந்துவிட்டது என்று கூறியது. பேரறிவாளன் 2022 மே 18இலும், ஏனைய அறுவர் அவ்வாண்டு நவம்பர் 11இலும் அதே நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர்.

அவ்வறுவருள் இலங்கையர் நால்வர். சிறையிலிருந்து வெளிவந்த அவர்கள் திருச்சியிலுள்ள சிறப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் சாந்தன், தாயகம் திரும்பும் நாளை எதிர்நோக்கியிருந்த நிலையில் 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் காலமானார். ஏனைய மூவர் அவ்வாண்டு ஏப்ரல் 3இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். விடுதலை பெற்றபின் அவர்கள் முகாமில் கழித்த பதினாறு மாதங்களுக்கு 9ஆம் பிரிவின் கீழ் என்ன பெயர் என்பதை, விருப்ப நெறிமுறையை இந்தியா ஏற்றிருந்தால், மனித உரிமைக் குழுவிடம் கேட்டிருக்க முடியும். 1979இல் சேர்த்த அவ்விலக்கு அறிவிப்பை இந்திய அரசு இன்னும் திரும்பப் பெறவில்லை.